கொல்லிமலையின் களத்துமேட்டுப் படிப்பு

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கத்தில் வளர்ந்தவன் நான். என் சிறுவயதில் மலையிலிருந்து இறங்கிவரும் லாரிகளில் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான், இருக்கும். ஜவ்வரிசி எடுக்கும் சேகோ பேக்டரி வாசலில் எடை போடக் காத்து நிற்கும் அந்த லாரிகளைச் சுற்றித்தான் நாங்கள் விளையாடினோம். சாமை மூட்டை ஏற்றிய லாரியைப் பார்த்த நினைவில்லை. சாமைச்சோறு தின்ற மலை அது என்று வீட்டுப் பெரியவர்கள் பழங்கதை போலச் சொல்லுவார்கள்.

அது பழங்கதையாகிப் போனது எப்படி என்பதைத்தான் எழுத வேண்டும்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். வந்த கதை எப்படியிருந்தாலும், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, சரிவிலும் சரளையிலும் எதை விதைத்தால் விளையும் என்பதை அந்த மக்கள் பல தலைமுறைகள் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழ்ந்தாலும் விதைக்கு எல்லை கிடையாது. சம்பந்தி வீட்டுக்கும் சந்தைக்கும் போன பெண்கள் கையோடு விதையும் போனது, வந்தது.

கட்டவெட்டிச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கருஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு, பெருந்தினை, செந்தினை. இந்தப் பெயர்கள் எந்த ஆய்வுக்கூடமும் வைத்தவை அல்ல. எது சீக்கிரம் அறுப்புக்கு வரும், எது சரளைக்காட்டிலும் பிழைக்கும், எதன் தாள் மாட்டுக்குப் பிடிக்கும், எதைப் பொங்கினால் சோறு உதிரியாக நிற்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பெயர்களில்தான் விடை இருந்தது. எந்த ஒரு வீட்டிடமும் எல்லா விடையும் இருந்ததில்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பிரிந்து கிடந்த அறிவு அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் ஒன்றுகூடியது. நல்ல கதிரை அறுப்புக்கு முன்பே பார்த்துத் தனியாகக் கொய்து, காயவைத்து, தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய தொம்பையில் சேர்ப்பார்கள். இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. விதைத் தேர்வு என்று பல்கலைக்கழகத்தில் பாடமாகச் சொல்லித்தரப்படுவதுதான் இது.

பிறகு கிழங்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார். தொழில் பெருகியது. 1981-ல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு உருவானது. மலைச்சாலை வந்தபின் லாரி காட்டு ஓரத்துக்கே போனது. குச்சியை வெட்டி ஊன்றினால் போதும், விதை எடுத்துவைக்க வேண்டியதில்லை. பத்து மாதத்தில் கையில் காசு. மலைமக்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் நான் துளியும் குறை காணமாட்டேன். பிள்ளையின் பள்ளிச் செலவுக்குச் சாமை காசு தரவில்லை, கிழங்கு தந்தது. ஆனால் குச்சிக்கிழங்கில் பேசித் தெரிந்துகொள்ள அதிகம் எதுவும் இல்லை. தொம்பைகள் காலியாயின. கேட்பதற்கு ஆளில்லாமல் தெரிந்தவர்களும் பேச்சை விட்டார்கள்.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவில் கொல்லிமலைக்கு வந்தது. விதைகளைச் சேகரித்துச் சென்னையில் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால் அத்தோடு வேலை முடிந்திருக்கும். அவர்கள் ஊர் ஊராக மகளிர் குழுக்களையும் உழவர் குழுக்களையும் சேர்த்தார்கள். பாதுகாப்பது, பயிரிடுவது, உண்பது, விற்பது என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஒரு தானியம் பிழைக்கும் என்பது அவர்களின் அணுகுமுறை. ஊர் விதை வங்கிகளுக்குப் பழைய தொம்பையே முன்மாதிரி ஆனது.

இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது விதை வங்கியை அல்ல, அரவை இயந்திரத்தை. சாமையின் உமி இறுகப் பிடித்திருக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கே உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். காட்டு வேலை முடிந்து வந்த உடம்போடு அதைச் செய்தவர்கள் பெண்கள். சாமையைக் கைவிடக் கிழங்கின் விலை ஒரு காரணம் என்றால், உலக்கை இன்னொரு காரணம். வெளியிலிருந்து வந்தவர்கள் விளைச்சலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கலாம். குழுவில் பெண்கள் வாய்திறந்து பேசும் இடம் இருந்ததால்தான் தானியம் குத்தும் பாடு முன்னுக்கு வந்தது. ஊர்களில் சிறு அரவை இயந்திரங்கள் வைக்கப்பட்டன, மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. உரலடியில் போன நேரம் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது. மாவும் அரிசியுமாகப் பொட்டலம் கட்டி விற்கவும் முடிந்தது.

வயலிலும் இப்படித்தான். உள்ளூர் ரகங்களைப் பக்கம் பக்கமாக விதைத்து, கதிர் முற்றியதும் ஊராரே வந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆய்வாளர் விளைச்சலை எடை போட்டபோது, பெண்கள் தாளை ஒடித்துப் பார்த்தார்கள், மணியைக் கசக்கிப் பார்த்தார்கள். கைவிதைப்புக்குப் பதில் வரிசை விதைப்பு செய்தால் விதை குறைவாகப் போதும் என்பது நிறுவனத்திலிருந்து வந்த பாடம். எந்தச் சரிவுக்கு எந்தச் சாமை என்பது மலையிலிருந்து போன பாடம். இரண்டும் ஒரே வயலில் சந்தித்ததால்தான் இரண்டுக்கும் பலன்.

சாமையை மீட்கும் இந்தப் பாதை நேராகப் போகவில்லை. 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-ல் இலவசமானது. பசியைப் போக்கிய அந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அரிசியோடு சாமையும் அந்தக் கடையில் கிடைத்திருந்தால் மலையில் விளைவதற்கு வாங்க ஆள் இருந்திருக்கும். 2023-ல்தான் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷனில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த அதே ஆண்டின் செப்டம்பரில் சுவாமிநாதன் காலமானார். நாளிதழ்களெல்லாம் அவரை இந்தியப் பசுமைப் புரட்சியின் தந்தை என்றே எழுதின. கொல்லிமலை வேலை அதற்குச் சமமான இடம் பெற வேண்டியது.

2001-ல் வந்த பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உழவர்கள் காத்து வளர்த்த ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்ய இடம் தருகிறது. தனி உழவர் மட்டுமல்ல, உழவர் குழுவும் விண்ணப்பிக்கலாம். கட்டவெட்டிச் சாமைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதாக இருந்தால், உருவாக்கியவர் என்ற இடத்தில் உலக்கை பிடித்த பெண்களின் குழுப் பெயரைத்தான் நான் எழுதுவேன்.