வடக்கின் கிணற்று நீரில் மீன்தொட்டி: புதிதாகத் தொடங்குவோருக்கு

புதிய தொட்டியில் விட்ட மீன்கள் முதல் கிழமையிலேயே சாவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமல்ல. தண்ணீர் இன்னும் தயாராகாததே காரணம். பல இழப்புகளைக் கண்ட வீடுகளில், பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்த மீன் இரண்டு நாளில் மிதப்பதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

தொட்டி

60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள தொட்டி நல்ல தொடக்கம். முழுதாக நிரப்பினால் 54 லீற்றர் பிடிக்கும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் கழிவு விரைவில் நஞ்சாகிவிடும்.

நீரும் கல்லும் சேர்ந்தால் தொட்டி 60 கிலோவைத் தாண்டும். எனவே ஆடாத, மட்டமான மேசை வேண்டும். நேர் வெயில் படும் யன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும். எங்கள் வெப்பநிலைக்குச் சூடாக்கி தேவையில்லை.

அடியில் நன்கு கழுவிய சிறுகல்லை 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை பரப்புங்கள். கழுவ சவர்க்காரம் பாவிக்கக் கூடாது. காற்றுப்பம்பியில் இயங்கும் ஸ்பொஞ் வடிகட்டி ஒன்று போதும். ஹைட்ரில்லா, வலிஸ்நேரியா போன்ற நீர்த்தாவரங்களையும் நடுங்கள்.

தண்ணீர்

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், திறந்த வாளியில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதால் வன்மையானது. கப்பி, மொலி, பிளற்றி, வாள்வால் மீன்களுக்கு அது ஒத்துப்போகும். மென்னீரை விரும்பும் நியோன் ரெற்றா போன்றவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.

மீன் விடுவதற்கு முன்

மீனின் கழிவிலிருந்து அமோனியா உருவாகிறது. ஒருவகை பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் ஸ்பொஞ்சிலும் பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை வடிகட்டியை ஓடவிட்டு, நாளுக்கொருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். ஏற்கனவே மீன் வளர்ப்பவரிடம் பழைய ஸ்பொஞ் துண்டு ஒன்று வாங்கிப் போட்டால் காலம் குறையும்.

பிறகு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள். இரண்டு கிழமை கழித்து இன்னும் மூன்று விடலாம். கொண்டுவந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுத் திறவுங்கள்.

பராமரிப்பு

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் உணவு போடுங்கள். கிழமைக்கொருமுறை கால்வாசி நீரை மாற்றுங்கள். ஒருபோதும் முழுவதையும் மாற்ற வேண்டாம். ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள். குழாயில் கழுவினால் பற்றீரியா செத்துவிடும்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இருக்கவில்லை. அப்படியான வேளையில் மீன் குறைந்த தொட்டியே தப்பும். உணவை நிறுத்துங்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், ஒட்சிசன் சேரும்.

கிணறு சொல்லும் சேதி

மீன்தொட்டிக்கென விற்கும் பரிசோதனைப் பட்டிகள் நைத்திரேற்றையும் காட்டும். ஒன்றை உங்கள் கிணற்று நீரிலும் தோய்த்துப் பாருங்கள். உரம் அதிகம் இடும் வலிகாமத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் காட்டினால், கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைக்க வேண்டாம். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை அது குறைக்கும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. பட்டி தோராயமாகவே சொல்லும் என்பதால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவித்து ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துங்கள்.

குளத்தில் விடாதீர்கள்

பெண் கப்பி ஏறத்தாழ மாதமொருமுறை குஞ்சு போடும். மிஞ்சுவதை அயலவருக்குக் கொடுங்கள்; குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். தொட்டி துடைக்கவென்று விற்கப்படும் தென்னமெரிக்க மீன் இலங்கையின் நீர்த்தேக்கங்களில் பெருகி, நன்னீர் மீனவருக்குத் தொல்லையாகிவிட்டது. வன்னிக் குளங்களை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் வளர்த்தது அவர்களின் வலையில் போய்ச் சிக்கக் கூடாது.