காட்டைவிட்டு இறங்க மறுத்தவர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், பிளஸ் ஆற்றின் மேற்பகுதிக் காடுகள் தெமியார் பூர்வகுடிகளின் மண். மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, சும்பித்தான் என்னும் ஊதுகுழாயால் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் அவர்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. காட்டுக்குள் போன அவர்களுக்கு உணவும் வழிகாட்டிகளும் கிடைக்காமல் செய்ய, அங்கு வாழ்ந்தவர்களையே கீழே இறக்க பிரிட்டிஷ் ஆட்சி முடிவு செய்தது.

1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ரப்பர் தோட்டங்களில் தமிழர்களின் லயங்களைச் சுற்றியும் முள்கம்பி எழுந்தது. ஆனாலும் பால்மரம் வெட்டும் வேலையும் அரிசிச் சோறும் அவர்களுக்குப் பழகியவை. மலையிலிருந்து இறக்கப்பட்ட தெமியார், செமாய் பூர்வகுடி மக்களுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. வெக்கையும் நெரிசலும் நிறைந்த முகாம்களில், பழகாத உணவை உண்டு, நோயிலும் மனமுறிவிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். போர்முனையில் அல்ல, அரசின் பாதுகாப்பில் நேர்ந்த சாவுகள் இவை. மலேசிய வரலாற்றில் இவற்றுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இப்படி இடமாற்றத்தை எதிர்த்தவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இடம்பெயர மறுத்த செமினோல் மக்களுக்கு ஓசியோலா என்ற தலைவர் இருந்தார். 1837-இல் சமாதானக் கொடியை நம்பி வந்தவரைப் பிடித்துச் சிறையிலிட்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் இறந்தார். பேராக்கின் எதிர்ப்பை அப்படி ஒரு பெயரில் அடக்க முடியாது. பிழைத்தவர்கள் முகாமைவிட்டுக் காட்டுக்கே ஓடிப்போனார்கள். பலர் கம்யூனிஸ்டுகள் அமைத்த 'அசால்' குழுக்களின் பக்கம் சாய்ந்தார்கள்.

தவறு அரசுக்கே உறைத்தது. 1953 முதல் மக்களை இறக்குவதை விட்டு, லெகாப், கெமார் போன்ற காட்டுக் கோட்டைகளை அவர்கள் இருப்பிடத்திலேயே கட்டி, மருந்தும் உப்பும் கொடுத்தது. 1954-இல் பூர்வகுடிகள் சட்டம் வந்தது. அது ஒதுக்கீட்டு நிலத்தை அறிவிக்க வழி செய்தது. அறிவிப்பை ரத்து செய்யும் அதிகாரத்தையும் மாநில அரசிடமே விட்டது. பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இழப்பீடு உண்டு என்றது. நிலத்துக்குக் கொடுப்பதை அரசின் விருப்பத்துக்கு விட்டது.

1970-களில் தெமெங்கோர் அணை எழுந்தபோது ஜஹாய், தெமியார் பூர்வகுடி ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் பானுன், கெமார் மறுகுடியேற்றங்களுக்குப் போனார்கள். 2019-இல் கிரிக் அருகே தெமியார் கிராமத்தினர் மரம்வெட்டும் லாரிகளை மறித்துத் தடுப்பு வைத்தார்கள். அதிகாரிகள் அதைப் பிரித்தெறிந்து, சிலரைக் கைது செய்தார்கள்.