பெண்வேடமும் யாழ்ப்பாணச் சமுதாயமும்

ஒரு சமுதாயம் தன் மேடையில் எதனைக் கண்டு கண்ணீர் விடுகிறது, தன் தெருவில் எதனைக் கண்டு நகைக்கிறது என்பவற்றை ஒப்புநோக்கினால் அதன் மனச்சான்றை ஓரளவு அளந்துவிடலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாடக வரலாறு இவ்வகையில் ஓர் அரிய சான்றாகும்.

நாட்டுக்கூத்தாயினும், தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய இசைநாடகமாயினும், நெடுங்காலம் பெண்பாத்திரங்களைத் தாங்கியோர் ஆண்களே. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தமது வசந்த கான சபா மூலம் குடாநாட்டின் மூலைமுடுக்கெல்லாம் நடத்திய ‘மயான காண்டம்’ இன்றும் பேசப்படுகிறது. அரிச்சந்திரன் சுடலை காக்க, சந்திரமதி இறந்த மகனைச் சுமந்து வந்து புலம்பும் அக்காட்சியை மக்கள் விடியவிடியப் பார்த்து அழுதனர். இசைநாடக மேடையில் அவ்வாறு சேலை உடுத்து மார்பிலடித்து அழுத சந்திரமதி பெரும்பாலும் ஓர் ஆண்மகன் என்பதை அறியாதார் இலர். அறிந்தும் அழுதனர். ஆண் உடலிற் பெண்மனம் தோன்றுவதை இயற்கைக்கு முரணென எவரும் எழுந்து போகவில்லை.

இம்மரபு கிராமத்துக்கு மட்டும் உரியதன்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை படித்த கனவான்களின் சபை. அங்கே ரங்கவடிவேலு முதலியார் கதாநாயகி வேடங்களாற் பெரும்புகழ் ஈட்டினார். அச்சபையின் 1911ஆம் ஆண்டு இலங்கைப் பயணத்தின் உந்துதலால் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபை தோன்றியது. யாழ்ப்பாணத்துச் சரஸ்வதி விலாச சபையும் அதே காலத்தது. பின்னாளில் திரையுலகை ஆண்ட எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவராய்ப் பெண்வேடம் பூண்டவர்களே. இன்னும் பின்னே சென்றால், சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடியாடலும் ஒன்று. காமன் பேடி வடிவுகொண்டு ஆடிய கூத்தை ஒரு பெண் ஆடிக் காட்டினாள்.

இவற்றைக் கொண்டு எம் முன்னோர் பால்வேற்றுமைகளைக் கடந்த பெருந்தன்மையாளர் என்று முடிவு செய்யலாமா? சிலர் இன்று அவ்வாறு பெருமை பேசுகின்றனர். வரலாறு அப்பெருமைக்கு இடந்தரவில்லை.

முதலாவதாக, ஆண் பெண்வேடம் பூண்டமைக்குக் காரணம் பெண் மேடையேற முடியாமையே. நிலப்பிரபுத்துவக் குடும்ப ஒழுங்கில் பெண் சொத்துரிமையோடும் சாதித் தூய்மையோடும் பிணைக்கப்பட்டிருந்தாள். பலர் பார்க்க ஆடும் பெண் ஒழுக்கங்கெட்டவள் எனப் பட்டாள். தமிழகத்துக் கம்பெனிகளோடு வந்த நடிகையரின் பாட்டைக் கேட்கத் திரண்ட அதே கூட்டம் அவர்களைத் தாசியர் என்று தூற்றிற்று. ஆகவே பெண்வேடம் விடுதலையின் குழந்தையன்று, பெண்ணடிமையின் குழந்தை.

இரண்டாவதாக, மேடையில் ஈந்த மதிப்பு மேடையோடு முடிந்தது. இசைநாடகத்தையும் கூத்தையும் வளர்த்த கலைஞருட் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இரவெல்லாம் அரிச்சந்திர மகாராசனாக வீற்றிருந்தவன் விடிந்ததும் தேநீர்க்கடையில் தனிப்பேணியில் குடிக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தபின்னும், 1968இல் மாவிட்டபுரம் ஆலயவாசலில் மக்கள் போராடியே நிற்க நேர்ந்தது. அரசன் வேடத்துக்குக் கிடைத்த கைதட்டல் சாதியை உடைக்கவில்லை. சந்திரமதி வேடத்துக்குக் கிடைத்த கண்ணீரும் ஆண், பெண் என்ற வேலியை உடைக்கவில்லை. பெண்வேடக் கலைஞர் யாவரும் திருநங்கையர் என்றோ தன்பாலின ஈர்ப்புடையோர் என்றோ கூறுவது ஆதாரமற்ற கூற்று. எனினும் அம்மேடையிலும் அதன் முன்னிருந்த பாய்களிலும் அத்தகையோர் சிலர் இருந்தேயிருப்பர். அவர்கள் வேடமாக இருக்கும்வரை வாழ்த்தப்பட்டனர். தாமாக இருக்க அனுமதிக்கப்படவில்லை.

சட்டம் இதனை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்கு’ என்ற சொல்லால் தன்பாலினத்தாரின் உறவைக் குற்றமாக்கிற்று. 365அ பிரிவு ஆண்களை மட்டுமே சுட்டியிருந்தது. 1995இல் வந்த திருத்தம் அதனை நீக்கவில்லை; ‘ஆண்’ என்பதை ‘ஆள்’ என மாற்றிப் பெண்களையும் குற்றவாளிகளாக்கிற்று. சமத்துவம் தண்டனையில் மட்டும் வழங்கப்பட்டது! இதிலும் கொடிய முரண் ஒன்றுண்டு. ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தல் பற்றிய 399ஆம் பிரிவையும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் காட்டித் திருநங்கையரைப் பொலிசார் துன்புறுத்தியமையை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. ஆண் சேலை கட்டுவது மேடையிற் கலை; தெருவில் ஆள்மாறாட்டம்.

கொட்டகைக்கூத்தின் இடத்தைத் திரைப்படம் கைப்பற்றியபோது நிலைமை இன்னும் சீர்கெட்டது. பெண்கள் நடிக்க வந்தனர், அது முன்னேற்றமே. ஆயின் சேலையணிந்த ஆண் அழுகைக்குரிய சந்திரமதியாக நில்லாது, நகைச்சுவைக்கோ வெறுப்புக்கோ உரிய உருவமானான். யாழ்ப்பாணக் கொட்டகைகள் தமிழகப் படங்களையே நம்பியிருந்தமையால் அப்படங்களின் ஏளனமும் எமக்கு இறக்குமதியாயிற்று. ‘அப்பு’ (2000) படத்தின் கொடியவன் பெண்ணுடை தரித்த விபசாரத் தரகன். ‘ஐ’ (2015) திருநங்கைப் பாத்திரத்தை இழிவுபடுத்தியதென்று தமிழகத்துத் திருநங்கையர் தெருவிலிறங்கிக் கண்டித்தனர். ‘காஞ்சனா’ (2011), ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019), ‘பாவக் கதைகள்’ (2020) தொகுப்பின் ‘தங்கம்’ ஆகியவை பரிவோடு நோக்கின. ஆயினும் அவற்றில் திருநங்கையாக நடித்த சரத்குமார், விஜய் சேதுபதி, காளிதாஸ் ஜெயராம் மூவரும் ஆண்களே. பழைய ஸ்திரீபார்ட் மரபு வேறுருவில் தொடர்கிறது. அன்று பெண்ணுக்கு மறுக்கப்பட்ட மேடை இன்று திருநங்கைக்கு மறுக்கப்படுகிறது. கல்கி சுப்பிரமணியம் முதன்மைப் பாத்திரம் ஏற்ற ‘நர்த்தகி’ (2011) போன்றவை அருகிய விலக்குகளே.

ஈழத்தமிழர் வாழ்வைச் சார்ந்த முக்கிய ஆக்கம் ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபன்னி போய்’ (1994) நாவலாகும். மணப்பெண் வேடமிட்டு விளையாட விரும்பும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் வளர்ந்து தன் ஈர்ப்பை உணர்வதையும், 1983 இனவன்முறை அவன் குடும்பத்தை நாட்டைவிட்டு விரட்டுவதையும் அது ஒரே கதையாகப் பின்னியது. இனத்தால் ஒடுக்கப்பட்டவன் தன் வீட்டுக்குள்ளேயே இன்னொரு முறை ஒடுக்கப்படுகிறான் என்ற உண்மை அதில் உண்டு. தீபா மேத்தா 2020இல் அதனைத் திரைப்படமாக்கியபோது தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழரல்லாதார் ஏற்றதையும், தமிழ்ப்பேச்சு சிதைந்ததையும் ஈழத்தமிழர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது. எம் வாழ்வை எம் வாயால் சொல்ல விடுங்கள் என்று கேட்ட நாம், அதே கோரிக்கையைத் திருநங்கையரும் தன்பாலின ஈர்ப்புடையோரும் எம்மிடம் வைக்கும்போது காதைப் பொத்திக்கொள்வது எவ்வாறு நேர்மையாகும்?

காலம் அசைகிறது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிவகுத்தது. 2022 யூனில் யாழ்ப்பாண வீதிகளிலே இம்மக்கள் தம் உரிமைக்காக ஊர்வலம் வந்தனர். 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனியார் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. எனினும் 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பரிவு உரிமைக்கு ஈடாகாது. வேடத்துக்கு அழும் கண்கள் மனிதரைக் காணப் பழகவேண்டும். பாடசாலை மேடையில் பெண்வேடமிட்ட மாணவனுக்குப் பரிசளித்துவிட்டு, மறுநாள் வகுப்பிலே மென்மையாக நடக்கும் மாணவனைப் பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கும் வழக்கம் எங்கே நிறுத்தப்படுகிறதோ, அங்கேதான் எம் நாடக மரபு உண்மையில் மக்கள் மரபாகும்.