சவர்க்காரத்தில் தொடங்கிய வேலை



உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஐ.ரீ. படிக்க விடலாமோ? பிள்ளைக்குக் கோடிங் அவ்வளவாக ஓடாதே." கோடிங் மட்டும்தான் ஐ.ரீ. என்று நினைக்கிறோம். அந்தத் துறையில் 'புரொடக்ட் மனேஜர்' என்றொரு வேலையும் உண்டு. அதன் வரலாறு கணினிக்கு முந்தியது. சவர்க்காரத்தில் தொடங்கியது.

1931 மே 13. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், புரொக்டர் அன்ட் கேம்பிள் கொம்பனியில் கமே சவர்க்காரத்தின் விளம்பரத்தைப் பார்த்தவர் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர். அதே கொம்பனியின் ஐவரி சவர்க்காரத்தின் நிழலில் கமே மங்கிக் கிடந்தது. உதவிக்கு ஆள் கேட்டு மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பொன்று எழுதினார். அதன் சாரம்: ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பாக ஒருவர் வேண்டும். எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை என்று அவர் ஆராய வேண்டும். விற்காத இடத்துக்கு நேரில் போய்க் காரணம் அறிய வேண்டும்.

இதே மெக்எல்ராய் 1957 இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளரானார். அவர் காலத்தில், 1958 இல் உருவான ஆர்பா அமைப்புத்தான் 1969 இல் இணையத்தின் முன்னோடியான வலையமைப்பைத் தொடக்கியது.

சவர்க்காரம் விற்றால் முடிந்தது. மென்பொருள் விற்ற பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இது அன்றாட வேலையாயிற்று. முறைப்பாடுகளை வாசிப்பது, பாவிப்பவர்களோடு பேசுவது, நூறு வேண்டுகோள்களில் எது முதலில், எது வேண்டவே வேண்டாம் என்று தீர்மானிப்பது, அதைப் பொறியியலாளருக்கு விளங்கப்படுத்துவது, வெளியிட்ட பின் உண்மையில் பயன்பட்டதா என்று பார்ப்பது. பெரும்பாலும் அந்தப் பொறியியலாளர்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். கட்டளையிட முடியாது, காரணம் சொல்லித்தான் இணங்கவைக்க வேண்டும்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் 'செல்லினம்'. மலேசியாவின் முத்து நெடுமாறன், 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியவர். 2005 இல் சிங்கப்பூரில் செல்லினம் வெளிவந்தபோது, கைத்தொலைபேசியில் இருந்தவை ஒரு டசின் பொத்தான்கள். தமிழ் எழுத்துகளோ 247. பிறகு தொடுதிரை வந்தது, பிரச்சினையும் மாறியது. தமிழ்நாடு 1999 இல் தமிழ்99 பலகையை நியமமாக்கியிருந்தது. எங்கள் நாட்டின் நியமமோ ரெங்கநாதன் பலகை. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டிப் பழகியவர்களும் ஏராளம். செல்லினம் தமிழ்99 ஐயும் கொடுத்தது, ஒலிவழி தட்டும் அஞ்சல் முறையையும் கொடுத்தது. எது சிறந்த பலகை என்பது ஒரு கேள்வி, பாவிப்பவருக்கு எது கைவரும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்பதுதான் இந்த வேலை.

இனி எங்கள் கரைக்கு வருவோம். பருத்தித்துறைக் கடற்றொழிலாளருக்குக் காலநிலை சொல்லும் செயலி ஒன்று செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையால் தொட்டால் வேலை செய்யுமா? உச்சி வெயிலில் திரை தெரியுமா? சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது? 'தென்மேற்குக் காற்று' என்று போடுவதா, 'சோளகம்' என்று போடுவதா? இவற்றைக் கொழும்பில் மேசைக்கு முன் இருப்பவர் யோசிப்பது கடினம். வாடையும் சோளகமும் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இவை சாதாரணக் கேள்விகள்.

ஆகவே, கோடிங் ஓடாது என்பதற்காகப் பிள்ளையின் கதவை மூடிவிடாதீர்கள். மற்றவர் சிரமத்தைக் கவனிக்கிறதா, பொறுமையாகக் கேட்கிறதா, கேட்டதைத் தெளிவாக எழுதுகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதிகள் அவைதான்.