மக்கள் மொழியும் ஒரு பாடசாலை அதிபரும்

தனது வழக்கு எம்மொழியில் விசாரிக்கப்படுகின்றதோ அம்மொழி விளங்காத குடியானவன், தன் சொந்த நாட்டிலேயே அந்நியனாகின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பின்லாந்து மக்களின் நிலை இதுவே. 1809 இல் அந்நாடு சுவீடனிடமிருந்து ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறியது. ஆயினும் நிருவாகம், நீதி, உயர்கல்வி ஆகியவற்றின் மொழியாகச் சுவீடிஷ் மொழியே நீடித்தது. பெரும்பான்மையான மக்களோ பின்னிஷ் மொழியைப் பேசினர்.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் யொஹான் வில்ஹெல்ம் ஸ்நெல்மன் (1806–1881) முதன்மையானவர். ஹேகலின் மெய்யியலில் ஈடுபாடு கொண்ட இவர், 1843 இல் குவோப்பியோ என்னும் நகரிற் பாடசாலை அதிபரானார். அடுத்த ஆண்டிலேயே இரு பத்திரிகைகளைத் தொடங்கினார். 'சைமா' சுவீடிஷ் மொழியிற் கற்றோரை நோக்கிப் பேசியது. மக்களின் மொழியைக் கல்விக்கும் அரசுக்கும் உரிய மொழியாக்குதல் அவர்தம் கடமை என அது வாதிட்டது. 'கமக்காரனின் நண்பன்' எனப் பொருள்படும் பெயருடைய மற்றைய பத்திரிகை, சாதாரண வாசகருக்காகப் பின்னிஷ் மொழியில் வெளிவந்தது.

பின்னிஷ் மொழிக்காக வாதாடியவர் தாம் பெரும்பாலும் சுவீடிஷ் மொழியிலேயே எழுதியமை முரணாகத் தோன்றலாம். ஆயின், அதிகாரத்திலிருந்தோரை அவர்களது மொழியிலேயே இணங்கவைக்க வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1846 இல் 'சைமா' தடைசெய்யப்பட்டது. கமக்காரரின் பத்திரிகை தொடர்ந்து வெளிவந்தது. ஆனால், 1848 இல் ஐரோப்பாவெங்கும் எழுந்த புரட்சிகளின் பின்னர், அரசின் அச்சம் சாதாரண வாசகர்பாற் திரும்பியது. சமயப் போதனை, பொருளாதாரப் பயன் ஆகியன தவிர்ந்த எதனையும் பின்னிஷ் மொழியில் அச்சிடலாகாது என 1850 இல் கட்டளை பிறந்தது. அயல்நாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்புகளும் இத்தடைக்குட்பட்டன. சுவீடிஷ் வாசகருக்கு இத்தகைய தடை இருக்கவில்லை. ஆகவே, தடுக்கப்பட்டது நூலின் கருத்தன்று. அது பொதுமக்களைச் சென்றடைதலே என்பது தெளிவாகின்றது.

அத்தடை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1858 இல் பின்னிஷ் மொழிமூல முதல் இடைநிலைப் பாடசாலை யுவாஸ்கிலாவில் தோன்றியது. 1863 இல் ஸ்நெல்மன் செனற்சபை உறுப்பினரானார். பின்னிஷ் பேசும் மக்களை நேரடியாகப் பாதிக்கும் விடயங்களில், அவர்தம் மொழி இருபது ஆண்டுகளுக்குள் சுவீடிஷுக்கு நிகரான உரிமை பெறவேண்டுமென அவ்வாண்டிலேயே பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் ஆணையிட்டார்.

ஆணை பேரரசருடையதே. எனினும், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் தலைநகருக்குத் தொலைவிலிருந்த ஒரு பாடசாலை அதிபர், கமக்காரனையும் அறிவுலகின் வாசகனாக மதித்து எழுதத் துணிந்தமை அதற்கு வழிகோலிய முயற்சிகளுள் ஒன்றெனல் மிகையாகாது.