கல்லைப் பார்த்துக் காலம் சொன்ன துப்ரேய்

ஒரு பழைய கோயிலுக்குப் போய் "இது எப்போது கட்டியது?" என்று கேட்டால் ஆயிரம் வருஷம், இரண்டாயிரம் வருஷம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கல்வெட்டு இருந்தால் சரி. இல்லாவிட்டால்? அதற்கு ஒரு வழி காட்டியவர் கப்ரியேல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். 1885இல் சைகோனில் பிறந்து, பாண்டிச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர்.

காலம் தெரிந்த கோயில்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் சின்னச் சின்ன உறுப்புகளை இவர் ஒப்பிட்டார். உதாரணமாக, தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. பல்லவர் காலத்தில் அதில் அலை அலையான மடிப்புகள் இருக்கும். சோழர் காலத்தில் வெட்டிவிட்டது போன்ற கோணம். விஜயநகர காலத்தில் நுனியில் பூமொட்டு வந்துவிடும்! அதேபோல் கூரை விளிம்பில் உள்ள கூடு. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போல இருக்கும், சோழர் கூட்டில் அங்கே சிங்கமுகம். அப்போது கோயில் வேலை செய்துகொண்டிருந்த சிற்பிகளிடமே இந்த உறுப்புகளின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1914இல் பாரிசில் வெளியான இவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூல் இப்படித்தான் உருவானது. நூலகத்தில் மட்டும் உட்கார்ந்து எழுதக்கூடிய நூல் அல்ல அது.

1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னதிகளில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1937இல் அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு மணிக்கல்லில் இருந்த தலையை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அடையாளம் சொன்னார். அந்த இடத்தை வீலர் 1945இல் தோண்டினார். துப்ரேய் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆனால் இவரைப் பற்றிய பாராட்டுக் கட்டுரைகளில் அதிகம் வராத ஒரு விஷயம் உண்டு. 1926 வாக்கில் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து யோகினிச் சிலைகளைச் சேகரித்து, பாரிசில் இருந்த சி. டி. லூ என்ற கலைப்பொருள் வியாபாரிக்கு அனுப்பினார். ஒன்றாக இருந்த தேவியர் லண்டன், பாரிஸ், அமெரிக்கா, கனடா என்று அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். இவ்வளவு கவனமாகக் கோயில்களைப் பதிவு செய்தவர், இந்தச் சிலைகள் நின்ற கோயிலைப் பற்றி உருப்படியான குறிப்பு எதுவும் விட்டுச் செல்லவில்லை என்பதுதான் வேதனை. அந்தக் கோயில் எது என்று இன்றுவரை ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிலைகள் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொல்வதுகூட, அவற்றின் அமைப்பை மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டுத்தான்.