டயட்டம் மண் (கோழி வளர்ப்பில்)

டயட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள் ஏரி, கடல் அடியில் படிந்து உருவான மண் இது; இதைப் பொடியாக்கிப் பயன்படுத்துவர். கோழிப்பேன், சிவப்பு உண்ணி ஆகியவற்றின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை இது உறிஞ்சிவிடும். உடலின் ஈரம் வற்றி அவை மடியும். கொல்வது வறட்சி என்பதால் நனைந்த பொடி பயன் தராது.

கோழிகள் இயல்பாகவே புழுதியில் புரள்பவை. ஆகவே இப்பொடியை மணலோடு கலந்து அவை புரளும் குழியில் இடுவதே எளிய வழி. சிவப்பு உண்ணி பகலில் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்கும். எனவே கோழி அடையும் கம்புகளின் இடுக்குகளிலும் தூவ வேண்டும். தீவனத்தில் கலந்தால் குடற்புழு நீங்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனவே இதை நம்பிக் குடற்புழு மருந்தை நிறுத்தக் கூடாது.

இதன் தூசி கோழிக்கும் ஆளுக்கும் மூச்சுக்குழாயை உறுத்தும்; ஆகவே முகக்கவசம் அவசியம். நீச்சல்குள வடிகட்டிக்கென உயர் வெப்பத்தில் சுட்ட வகையில் நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்கா மிகுதி. அதைக் கொட்டகைக்குள் கொண்டுவரவே கூடாது.